எல்லோரையும் தொட்டவர் என்னை மட்டும் ஏன் தொடவில்லை?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 38. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே ஞானஸ்நானமும் பதினாறு வயதில் திடப்படுத்தலும் பெற்று, இன்றுவரை ஆலயத்துக்குத் தவறாமல் சென்று வருகிறேன். பாடகர் குழுவில் இருக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக ஞாயிறு பள்ளியில் கற்பிக்கிறேன். ஆனால், "இயேசுவைத் தனிப்பட்ட முறையில் சந்தித்தேன், அன்றோடு என் வாழ்க்கை மாறிவிட்டது" என்று யாராவது சாட்சி சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒரு வெறுமைதான் எழுகிறது. சென்ற மாதம் நடந்த மூன்று நாள் தியான முகாமில் என்னைச் சுற்றிலும் எல்லோரும் கண்ணீர்விட்டு ஜெபித்தார்கள். எனக்கு ஒரு துளிகூட வரவில்லை. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, அழுவதுபோல் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்குப் பிறகு (இரண்டு ஆண்டுகள் ஆகின்றன) ஜெபிக்க உட்கார்ந்தாலே வார்த்தை வறண்டுவிடுகிறது. நான் இன்னும் இரட்சிக்கப்படவில்லையா? பிள்ளைகளுக்குக் கற்பிக்க எனக்குத் தகுதி உண்டா? அடுத்த முகாமுக்கும் அழைக்கிறார்கள், போகலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை என் கண் அந்தக் கைக்குட்டையில் நின்றது. இரண்டாம் முறை, அடைப்புக்குறிக்குள் நீங்கள் வைத்துவிட்டுக் கடந்துபோன அந்த இரண்டு ஆண்டுகளில் நின்றது. சபைப் போதகராகவும், பின்னர் ஆற்றுப்படுத்துநராகவும் பலருடைய கடிதங்களைப் படித்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன்: எழுதுகிறவர் எதை விரிவாக விளக்குகிறாரோ அது பெரும்பாலும் அவர் ஏற்கெனவே யோசித்து முடித்த செய்தி, எதை அடைப்புக்குறிக்குள் தள்ளுகிறாரோ அங்கேதான் இன்னும் யாரிடமும் சொல்லாதது இருக்கும். ஆகவே உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லும் வழியில், நீங்கள் கேட்காத அந்த இடத்திலும் சற்று நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில், இரட்சிப்பைப் பற்றி. வறண்ட கண்களை வைத்து உங்கள் இரட்சிப்பை அளக்க எனக்கு உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. புதிய ஏற்பாட்டில் யாரிடமும், "உனக்குக் கண்ணீர் வந்ததா" என்று ஆண்டவர் சோதித்துப் பார்க்கவில்லை. "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்று யோவான் 6-ஆம் அதிகாரத்தில் அவர் சொன்னது வருகிறவர்களுக்கான வாக்கு. வரும்போது இன்ன உணர்ச்சியோடு வர வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ஊழியம் தொடங்கிய நாட்களில், சபை உறுப்பினர் படிவத்தில் "இரட்சிக்கப்பட்ட நாள்" என்று ஒரு கட்டத்தைச் சேர்த்திருந்தேன். ஓர் இளைஞர் அதைக் காலியாக விட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, "யோசித்து நிரப்பிக் கொடுங்கள்" என்று அவரை அனுப்பிவிட்டேன். மறுவாரம் தேதி எழுதிக் கொண்டுவந்தார். நானும் மகிழ்ந்து பெற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்குப் பின் அவரே சொன்னார், அது அவருடைய பள்ளி இறுதித் தேர்வு முடிந்த நாளாம்; வேறு எந்தத் தேதியும் நினைவுக்கு வராததால் அதை எழுதிவிட்டாராம். ஓர் உண்மையான விசுவாசியைப் பொய் சொல்ல வைத்தது நான்தான். அந்தக் கட்டத்தை அப்போதே நீக்கிவிட்டேன். உங்கள் கைக்குட்டையைப் பற்றிப் படித்தபோது, என்னைப் போன்றவர்கள் வைத்த கட்டங்கள்தான் உங்களையும் அந்த நிலைக்குத் தள்ளியிருக்கின்றன என்று தோன்றியது.

வேதத்தில் தேதி சொல்லக்கூடிய சந்திப்புகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. தமஸ்குவுக்குப் போகும் வழியில் பவுல் விழுந்தது அப்படிப்பட்டது. அப்போஸ்தலர் நடபடிகள் அதை 9, 22, 26 ஆகிய மூன்று அதிகாரங்களில் மூன்று முறை சொல்வதாலோ என்னவோ, எல்லாச் சாட்சிகளும் அந்த அச்சில் வார்க்கப்படுகின்றன. ஆனால் நிக்கொதேமுவைக் கவனியுங்கள். யோவான் 3-இல் இரவில் வருகிறார், கேள்விகள் கேட்கிறார், பாதி புரிந்தும் பாதி புரியாமலும் உரையாடல் முடிகிறது. அவர் விசுவாசித்தார் என்று ஒரு வரிகூட இல்லை. 7-ஆம் அதிகாரத்தில், ஒரு மனிதனை விசாரிக்காமல் தீர்ப்பளிக்கலாமா என்று ஆலோசனைச் சங்கத்தில் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி எழுப்புகிறார். 19-ஆம் அதிகாரத்தில், சீஷர்கள் சிதறிப்போயிருந்த வேளையில், ஏறக்குறைய நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் கரியபோளமும் சுமந்துகொண்டு இயேசுவை அடக்கம்பண்ண வருகிறார். இடையில் எந்த நாளில், எந்த மணியில் அவர் மாறினார்? யோவான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாக அவர் நினைக்கவும் இல்லை.

அனுபவத்துக்கு ஏங்குகிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் பெயர், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. குருவானவரின் வீட்டில் பிறந்து, தாமும் குருவாகி, மிஷனரியாகக் கடல் கடந்து போய், மனம் சோர்ந்து திரும்பிய அவருக்கு, 1738 மே 24 அன்று மாலை லண்டன் நகரின் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தபோது, இருதயம் விநோதமாக அனல்கொண்டது என்பது அவரே தம் நாட்குறிப்பில் எழுதியது. மேடைகளில் கதை இதோடு முடிந்துவிடுகிறது. அதே நாட்குறிப்பில் 1739 சனவரியில், அதாவது எட்டு மாதங்கள்கூட நிறையாத நிலையில், தாம் இப்போதும் கிறிஸ்தவன் அல்ல என்று அவர் எழுதி வைத்திருப்பதை யாரும் சாட்சியாகச் சொல்வதில்லை. கிறிஸ்துவிடம் தமக்கு அன்பு இருப்பதாகத் தெரியவில்லை, சமாதானமும் இல்லை என்று தம்மையே குற்றம்சாட்டுகிறார். ஆனாலும் அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் பிரசங்கித்தார். அந்த மே மாத மாலை பொய்யல்ல. அதை வாழ்நாள் முழுவதற்குமான எரிபொருளாக நினைப்பதுதான் நம்முடைய பிழை.

முகாமில் மற்றவர்கள் விட்ட கண்ணீரையும் நான் பொய்யென்று சொல்லவில்லை. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவதும், உபவாசத்தால் உடல் இளகியிருப்பதும், பக்கத்தில் ஒருவர் விம்முவதும் சேரும்போது மனிதருக்கு அழுகை எளிதாக வரும். அந்த அழுகையின் ஊடாகவும் ஆண்டவர் பேசலாம். ஆனால் துக்கத்தை இரண்டு ஆண்டுகளாக இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் ஒருவருக்கு அதே சூழல் எதிர்மாறாக வேலை செய்யும். ஒரு துளியை விட்டால் மொத்தமும் உடைந்துவிடும் என்று உள்ளம் அஞ்சி, கதவை இன்னும் இறுக்கமாகச் சாத்திக்கொள்ளும். உங்கள் கண் வறண்டது விசுவாசக் குறைவால் என்று நான் நினைக்கவில்லை. அம்மாவுக்காக அழ வேண்டிய அழுகை அங்கே வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்றே நினைக்கிறேன்.

அம்மாவுக்காக நீங்கள் ஜெபித்திருப்பீர்கள். அந்த ஜெபம் நீங்கள் கேட்டபடி முடியவில்லை. அதைப் பற்றி இயேசுவிடம் இதுவரை ஒரு சொல்லாவது பேசியிருக்கிறீர்களா? என் ஊகம் தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் "வார்த்தை வறண்டுவிடுகிறது" என்று நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது, சொல்ல வேண்டிய ஒரே வாக்கியம் சொல்லக் கூடாத வாக்கியமாகிவிட்டதால் மற்ற எல்லா வாக்கியங்களும் வற்றிப்போயின என்றே எனக்குத் தோன்றுகிறது.

யோவான் 11-ஐத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். லாசரு வியாதியாயிருக்கிறான் என்று ஆள் அனுப்பியும் இயேசு உடனே வரவில்லை. தாம் இருந்த இடத்திலேயே இன்னும் இரண்டு நாள் தங்கிவிட்டார். வந்து சேர்ந்தபோது லாசருவைக் கல்லறையில் வைத்து நான்கு நாளாகியிருந்தது. மார்த்தாள் எதிர்கொண்டு போய், "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்றாள். சற்று நேரம் கழித்து மரியாள் வந்து, அவர் பாதத்தில் விழுந்து, அதே வாக்கியத்தைச் சொன்னாள். இது துதி அல்ல, விண்ணப்பமும் அல்ல, நெஞ்சில் கிடந்த குற்றச்சாட்டு. இரண்டு சகோதரிகளும் அந்த நான்கு நாட்களும் இதையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று நான் எண்ணிக்கொள்வேன். "ஏன் இப்படிப் பேசுகிறாய்" என்று ஆண்டவர் இருவரில் ஒருவரையும் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் ஒரே வாக்கியத்துக்கு இரண்டு விதமான பதில் கொடுத்தார். மார்த்தாளிடம், "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்று பேசினார். மரியாளிடம் அப்படி எதுவும் பேசவில்லை. அவள் அழுவதைக் கண்டார், ஆவியிலே கலங்கினார், எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். பிறகு அவரும் கண்ணீர்விட்டார்.

ஒரே வீட்டில் பிறந்த இருவரை, ஒரே நாளில், ஒரே சொற்களுக்கு, அவர் வேறுவேறாகச் சந்தித்தார் என்றால், உங்கள் சந்திப்பு முகாமில் உங்கள் பக்கத்தில் அமர்ந்திருந்தவருடைய சந்திப்பைப் போல இருக்க வேண்டும் என்று யார் சொல்ல முடியும்?

இந்தக் கேள்வியின் தலைப்பில் வரும் "தொட்டவர்" என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் தொடுதல் என்பதற்குத் தோண்டுதல் என்றும் ஒரு பழைய பொருள் உண்டு. கிணறு தொட்டார்கள் என்றால் வெட்டினார்கள் என்று பொருள். யோவான் 4-இல் யாக்கோபின் கிணற்றருகே நடந்ததை நான் அந்தப் பொருளில்தான் வாசிக்கிறேன். நடந்து களைத்து உட்கார்ந்திருந்தவர் இயேசு, தாகம் அவருக்கு. பேச்சைத் தொடங்கியவரும் அவரே. அந்தச் சமாரியப் பெண் முதலில் யூதர், சமாரியர் என்ற வேறுபாட்டைப் பேசினாள். பிறகு, மொண்டுகொள்ளப் பாத்திரம் இல்லையே, கிணறும் ஆழமாயிருக்கிறதே என்றாள். எல்லாம் மேல்மண். "நீ போய், உன் புருஷனை அழைத்துக்கொண்டு வா" என்று அவர் சொன்னபோதுதான் ஈரமண் வந்தது. "எனக்குப் புருஷன் இல்லை" என்றாள். அது பாதி உண்மைதான். அந்தப் பாதியையே அவர், "நீ சொன்னது சரிதான்" என்று ஏற்றுக்கொண்டு, மீதியைத் தாமே சொன்னார். அதற்குப் பிறகும் அவள் தொழுகை எந்த மலையில் என்ற விவாதத்துக்குள் ஓடினாள்; அவர் விடவில்லை. கடைசியில் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் போனாள். அவளுக்குள் ஊறும் என்று அவர் சொன்ன நீரூற்று அன்றைக்கு எவ்வளவு ஊறியதோ தெரியாது. ஆனால் அவள் ஊராரிடம் சொன்னது, "எனக்கு மகிழ்ச்சி உண்டானது" என்பதல்ல. நான் செய்த எல்லாவற்றையும் அவர் எனக்குச் சொன்னார் என்பதே. தன்னை முழுவதும் அறிந்த ஒருவர் தன்னை விட்டு விலகவில்லை என்பதை அவள் கண்டுகொண்டாள். ஆவிக்குரிய நிறைவு என்று நாம் பேசுவதன் உட்கரு இதுதான் என்பது என் கருத்து. இந்த இடத்தில் ஒருவர் அறியப்படாமல் எத்தனை முகாம்களில் எவ்வளவு உருகினாலும், வீடு திரும்பிய சில நாட்களில் குடம் மறுபடியும் காலியாகவே இருக்கும்.

ஆகவே என் ஆலோசனை மிகச் சிறியது. ஒரு மாலையில், வீட்டில் யாரும் குறுக்கிடாத இருபது நிமிடத்தை ஒதுக்குங்கள். முழங்கால்படியிட வேண்டாம், வழக்கமான ஜெபத்தின் பாவனை எதுவும் வேண்டாம். ஒரு நாற்காலியில் அமர்ந்து, யோவான் 11-இல் 17 முதல் 35 வரையுள்ள வசனங்களை உதடு அசையும்படி மெதுவாக வாசியுங்கள். பிறகு மார்த்தாள் சொன்ன வாக்கியத்தில் "என் சகோதரன்" என்ற இடத்தில் "என் அம்மா" என்று வைத்துச் சொல்லிப் பாருங்கள், காது கேட்கும்படி. "ஸ்தோத்திரிக்கிறோம், துதிக்கிறோம், மகிமைப்படுத்துகிறோம்" என்று நம் நாக்கு தானாகவே ஓடப் பழகிய பாதைக்கு அன்று போக வேண்டாம். "நீர் ஏன் வரவில்லை?" என்று கேட்கத் தோன்றினால் கேளுங்கள். கோபம் வந்தால் அது அவரைப் பார்த்தே வரட்டும். சங்கீதங்களில் பாதி அப்படித்தான் எழுதப்பட்டது என்று சொன்னால் சற்று மிகை, ஆனால் வெகுதூரம் மிகை அல்ல. பேசி முடித்ததும் உடனே எழுந்துவிடாமல், எஞ்சிய நேரம் சும்மா இருங்கள். ஒன்றும் நடக்காமல் போகலாம். வாரத்தில் மூன்று மாலை, ஒரு மாதம் இப்படிச் செய்யுங்கள்.

இதில் எதைக் கவனிப்பது என்று கேட்பீர்கள். அந்த இருபது நிமிடத்தில் என்ன உணர்ந்தீர்கள் என்பதைக் காட்டிலும், பிறகு உங்களுக்குள் என்ன தங்கியது என்பதைக் கவனியுங்கள். 1521-இல் பாம்ப்லோனாக் கோட்டைப் போரில் காலில் குண்டடிபட்டுப் படுக்கையில் கிடந்த, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் கற்றுக்கொண்டது இதுதான்: வீரசாகசக் கனவுகள் நினைக்கும்போது இனித்தன, நினைத்து முடித்ததும் வறட்சியை விட்டுச்சென்றன, கிறிஸ்துவையும் பரிசுத்தவான்களையும் பற்றிய எண்ணங்களோ முடிந்த பிறகும் ஓர் அமைதியை விட்டுச்சென்றன. எம்மாவு ஊருக்குப் போன சீஷர்களுக்கும் (லூக்கா 24) வழியில் தங்களோடு நடக்கிறவர் உயிர்த்தெழுந்த இயேசு என்று தெரியவில்லை. "நம்முடைய இருதயம் நமக்குள்ளே கொழுந்துவிட்டு எரியவில்லையா" என்று அவர்கள் சொல்லிக்கொண்டது அவர் மறைந்த பிறகுதான். ஆகவே மறுநாள் காலையில் உங்கள் பேச்சு சற்று மென்மையாக இருக்கிறதா, யாரையாவது மன்னிக்க மனம் வருகிறதா, அம்மாவின் புகைப்படத்தைப் பார்க்க முடிகிறதா என்று பாருங்கள். அறிகுறி அங்கே தெரியும்.

ஒன்றைத் தெளிவாகக் கேட்டுவிடுகிறேன். இந்த வெறுமை ஜெபத்தில் மட்டும்தானா, அல்லது எல்லாவற்றிலுமா? பாடல் பயிற்சி, பிள்ளைகளின் சிரிப்பு, முன்பு விரும்பிச் செய்த வேலைகள் எதிலும் சுவை இல்லாமல், தூக்கமும் பசியும் மாறி, இரண்டு வாரங்களுக்கும் மேலாக நாளெல்லாம் அப்படியே இருக்கிறது என்றால், அதை ஆவிக்குரிய குறையாக எண்ணி உபவாசம் இருக்காதீர்கள். மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி மருத்துவரிடம் செல்லுங்கள். சூரைச்செடியின் கீழே படுத்து, சாக வேண்டும் என்று கோரிய எலியாவுக்குத் தூதன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும். அவன் உண்டு, மீண்டும் தூங்கி, மறுபடியும் உண்ட பிறகே ஓரேப் மலைக்கு நடந்தான். ஆண்டவர் பேசிய மெல்லிய சத்தம் அதற்கும் பின்னால்தான் வந்தது.

எல்லாம் செய்தும் எதையும் உணராமல் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அன்னை தெரசா 1946-இல் ரயில் பயணம் ஒன்றில் ஆண்டவரின் அழைப்பை மிகத் தெளிவாக உணர்ந்தவர். அதன் பிறகு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அவர் உள்ளத்தில் இருளே நிலவியது என்பது, அவர் மறைந்து பத்து ஆண்டுகளுக்குப் பின் 2007-இல் வெளியான அவருடைய கடிதங்களால் உலகுக்குத் தெரிந்தது. அவர் அந்த இருளைத் தம் வழிகாட்டிகளிடம் எழுத்தில் கொட்டினார். நீங்களும் ஒருவரிடமாவது சொல்லுங்கள். அறிவுரையால் உங்களை மூழ்கடிக்காத, முதிர்ந்த ஒருவராகத் தேர்ந்துகொள்ளுங்கள்.

ஞாயிறு பள்ளியைப் பற்றி: விட வேண்டாம். வெஸ்லி இதே தயக்கத்தில் பிரசங்கத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டபோது பீட்டர் போலர் என்ற மொராவிய நண்பர், விசுவாசம் கிடைக்கும்வரை விசுவாசத்தைப் பிரசங்கியும், கிடைத்த பிறகு அது இருப்பதால் பிரசங்கிப்பீர் என்றார். இந்த அறிவுரை எனக்குப் பாதி சம்மதம். இல்லாததை இருப்பதாகக் காட்டிக் கற்பிக்க வேண்டும் என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைகளிடம் உங்கள் துயரத்தை விவரிக்கவும் தேவையில்லை. ஆனால் லாசருவின் பாடம் வரும் ஞாயிற்றுக்கிழமையில், "டீச்சருக்கும் இதே கேள்வி இருக்கிறது" என்று ஒரு வரி சொன்னால் அவர்கள் இடறமாட்டார்கள். பாட்டியையோ தாத்தாவையோ இழந்த ஒரு பிள்ளை அந்த வகுப்பிலும் இருக்கும்.

முகாமுக்குப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம். மேலே சொன்ன ஒரு மாதம் முடிந்த பிறகு போவது நல்லது என்று மட்டும் சொல்வேன். போனால், ஓரமான இடத்தில் அமருங்கள். எல்லோரும் எழுந்து கைகளை உயர்த்தும்போது உங்களுக்கு உட்கார்ந்திருக்கத் தோன்றினால் உட்கார்ந்திருங்கள். சாட்சி சொல்லும்படி ஒலிவாங்கியை நீட்டினால், "இப்போது சொல்ல எதுவும் இல்லை" என்று அமைதியாகச் சொல்லலாம்; அதுவும் சாட்சிதான். கைக்குட்டை மட்டும் அந்த மூன்று நாளும் பைக்குள் இருக்கட்டும்.